பேர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும்

1

கப்பல் ஓடாத காலத்தில் ஊருக்கு மடல் எழுதுகிறவளைப் பைத்தியக்காரி என்றுதான் சொல்வீர்கள். சொல்லுங்கள். முன்பெல்லாம் நம் ஊர்ச் சபைப் பத்திரிகைக்கு அவ்வப்போது இங்கிருந்து ஏதாவது எழுதி அனுப்புவேன். டுரியான் பழத்தின் நாற்றம், மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம், ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் விதம் என்று எழுதினால் உங்களுக்கும் வாசிக்க வேடிக்கையாக இருந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு தபாலும் நின்றது, வேடிக்கையும் நின்றது. இதை ரப்பர் ஸ்டோரில் கிடந்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். என்றைக்காவது கப்பல் ஓடினால் நீங்கள் வாசியுங்கள். ஓடாவிட்டால் கறையான் படித்துத் தேறட்டும்.

எழுத வைத்தவர் உபதேசியார் தேவதாசன். செரம்பானிலிருந்து பாதிரி ஐயர் வருவதற்கு வண்டி இல்லை. அதனால் எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலை இப்போது இவர்தான் நடத்துகிறார். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன்.

“வாத்தியாரம்மா, கல்வி ஸ்தோத்திர ஞாயிறு கிட்ட வருது. போன வருஷம் மாதிரியே நீங்கதான் முன்னால நின்னு ஏற்பாடு செய்யணும்” என்றார்.

“போன வருஷம் மாதிரியா?” என்று கேட்டேன்.

மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் வாத்தியார், இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு முதலும் முடிவுமான ஆசிரியர், பின்வாசல் வழியாக வெளியே இறங்கிப் போவது தெரிந்தது. போன வருஷம் என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு இப்போதெல்லாம் கிணற்றடியில் ஏதோ வேலை வந்துவிடுகிறது.

போன வருஷம் இதே ஞாயிற்றுக்கிழமையில்தான் என் மகன் ஜெயசீலனை நான் இழந்தேன். இழந்தேன் என்று எழுதிவிட்டேன். இல்லை, அடித்துவிடுகிறேன். இழந்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

2

அந்த ஆராதனை என்னவென்று முதலில் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் தோட்டம் ரெம்பாவுக்கும் கடற்கரைக்கும் நடுவில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற இடம். கோயில் என்றதும் நம் ஊர்க் கோபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பால் வெட்டுகிறவர்களில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கல்வி ஸ்தோத்திர ஞாயிற்றுக்கு மட்டும் மாரியம்மன் கோயில்காரர்களும் வந்து வாசலில் நிற்பார்கள். இங்கே கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்த வழக்கம் அது.

அந்த வருஷத்தில் எதையாவது புதிதாகக் கற்றவர் யாராக இருந்தாலும் பலிபீடத்துக்கு முன்னால் வந்து கற்றதைச் சபைக்குக் காட்ட வேண்டும். ஏழாவது தேறிய பிள்ளை ஒரு பாடம் வாசிக்கும். கையெழுத்துப் போடக் கற்ற பெண் பலகையில் எழுதிக் காட்டுவாள். ஒரு கங்காணி ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் விடக் கற்று, கோயிலுக்குள்ளேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று பிரசங்க மேடையில் போய் மோதினார். காட்டி முடித்ததும், தனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்பட்டவர் எந்த மூலையில் இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். சபை முழுவதும் ஒரே குரலில் “ஸ்தோத்திரம்” என்று சொல்லும். கங்காணி தன் மச்சினன் பேரைச் சொன்னார். அந்த மச்சினன் எழுந்து நின்று வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உண்மையான பட்டதாரி ஒருவன்தான் இந்தத் தோட்டத்தில் முளைத்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரின் மகன் மெட்ராசில் பி.ஏ. முடித்து வந்து, அந்த வேக்காட்டில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நின்றான். பெரிய பெரிய பேராசிரியர்கள் பேரைச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தோம். “ஆசீர்வாதம் வாத்தியார்” என்றான். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார், ஆனால் நிற்க முடியவில்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்குப் பார்த்த முகத்துக்காகவே இந்த மனிதரோடு எத்தனை வருஷமானாலும் வாழலாம் என்று நினைத்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சொல்லிக்கொடுத்தவர் இறந்துபோயிருந்தால், அவர் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். ஆஸ்பத்திரி டிரெசர் காலமான வருஷம், அவரிடம் கட்டுப்போடக் கற்ற பையன் அவர் பேரைச் சொன்னான். வெள்ளைச் சேலையில் அவருடைய மனைவி எழுந்து நின்றாள். அவர் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் நிச்சயமாக உறைத்தது. அடக்கத்துக்குப் போனவள்தான் நான்; இருந்தாலும் அப்போதுதான் உறைத்தது.

3

“இந்த வருஷம் யார் யார் என்ன கத்துக்கிட்டாங்கன்னு விசாரிக்கணும்” என்றார் உபதேசியார்.

“விசாரிக்க என்ன இருக்கு? எல்லாரும் பட்டதாரிதான்” என்றேன்.

பொய்யில்லை. சாம்பலையும் செம்பனை எண்ணெயையும் காய்ச்சி சோப்பு செய்யக் கற்றிருக்கிறோம். சி ரூசா கடற்கரைவரை நடந்துபோய், கடல் தண்ணீரைத் தகரத்தில் வற்றவைத்து உப்பு எடுக்கக் கற்றிருக்கிறோம். சாக்கை வெட்டிச் சட்டை தைக்கத் தெரியும். ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால் வெட்டுகிறவன் மரவள்ளி நடக் கற்றுக்கொண்டான். லாரிச் சத்தம் கேட்டால் லாலாங் புல்லுக்குள் எப்படிப் படுப்பது என்று ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் பலிபீடத்துக்கு முன்னால் காட்டச் சொல்வதா?

என் மகள் லில்லியும் கற்றிருக்கிறாள். அண்ணனுக்கு ரொம்பப் பின்னால் பிறந்தவள், இன்னும் பால்பல் முழுக்க விழவில்லை. என்னை அம்மா என்று கூப்பிடாமல் ஒக்காசான் என்கிறாள். சொந்த அப்பாவை சென்செய், அதாவது வாத்தியார், என்கிறாள். காலையில் பள்ளிக்கூட வாசலில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்து குனிந்து பழகி, வீட்டில் ஜெபம் முடிந்தாலும் எழுந்து கிழக்கே திரும்பி ஒரு கும்பிடு போடுகிறாள். கிழக்கே எங்கள் வீட்டு ஆட்டுக்கொட்டில் இருக்கிறது. ஆடு அவளைப் பார்த்துக் கத்தும். முன்பு அவளுக்குக் கீர்த்தனை தெரியும், மூன்று சரணம் தப்பில்லாமல் பாடுவாள். இப்போது அந்த இடத்தில் ஜப்பான் பாட்டு உட்கார்ந்திருக்கிறது. திட்டினால் விழிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாடாவிட்டால் அடி, வீட்டில் பாடினால் அடி. பிள்ளை என்னதான் செய்யும்?

அவளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? போன மாதம் உபதேசியார் நீளமாக ஜெபித்து முடித்தபோது, எல்லோரும் ஆமென் என்றார்கள், என் வீட்டுக்காரர் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்வதுபோல “ஹை” என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் இந்தச் சபை சிரிக்கத் தெரிந்த சபை.

4

அந்த பாஷை எங்கள் வீட்டுக்குள் வந்த கதை இது.

பள்ளிக்கூடங்களைத் திறக்கலாம், ஆனால் வாத்தியார்கள் எல்லோரும் செரம்பானுக்கு வந்து நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷையைக் கற்றுத் தேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. தேறாதவனுக்குப் பள்ளியும் இல்லை, அரிசியும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தலை நரைத்துவிட்டது. தமிழில் புலி. இங்கிலீஷில் பூனையாவது ஆவார். ஜப்பான் பாஷையில் அவரால் எலியாகக்கூட ஆக முடியவில்லை. கோழி கிளறிப்போட்ட முற்றம் மாதிரி இருக்கிற அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு சனி ஞாயிறு முழுவதும் உட்கார்ந்திருப்பார். ஒரு சனிக்கிழமை கன்னம் வீங்கி வந்தார்.

“பல்வலி” என்றார்.

“பல்வலிக்கு அஞ்சு விரலும் பதியுமா?” என்று கேட்டேன்.

அன்றைக்குத்தான் சீலன் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பத்தொன்பது வயது. செரம்பானில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தான்; சண்டை வந்ததும் பள்ளிக்கூடம் மூடிவிட்டது, இங்கே புல் வெட்டுகிற கும்பலில் சேர்ந்திருந்தான். அப்பாவின் பாடத்தாள்களை வாங்கிப் பார்த்தான். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு வாரத்தில் அவருக்கு இவன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவில் ஜப்பான்காரர்கள் பேசுவதை வேலியோரம் புல் வெட்டிக்கொண்டே கேட்டுவந்து, இப்படித்தான் இழுக்கணும், இங்கேதான் நிறுத்தணும் என்று காட்டுவான்.

“அப்பா, நாக்கைத் தூக்காதீங்க. கீழேயே கிடக்கட்டும்.”

“கெடந்தா எப்படிடே சத்தம் வரும்?”

“வரும், சொல்லுங்க.”

அப்பா சொல்வார், மகன் தலையில் கைவைத்துக்கொள்வான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பசியோடு கிடந்த அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கிழங்கு வேகவைப்பேன். கடைசியில் என் வீட்டுக்காரர் தேறிவிட்டார். சட்டையில் குத்த ஒரு வில்லை கொடுத்தார்கள். அவர் அதை மகனிடம் நீட்டினார். “இது உன்னோடது” என்றார்.

நான் இரண்டு பேரையும் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சினிமா இலவசம் என்று கூப்பிட்டு, வந்தவனையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். எங்கள் பங்களாவுக்கு வந்திருந்த ஜப்பான் அதிகாரிக்கு, நாங்கள் புதுத் துரை என்போம், ஆள் கிடைத்தது; அந்த ஆட்களிடம் பேசுவதற்கு மொழி தெரிந்தவன்தான் கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சின்னக் கிராணிக்கு நாலு வார்த்தை தெரியும் என்று கேள்விப்பட்டு, அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போய்விட்டார்கள். “வாத்தியாரைக் கொண்டுபோனா பள்ளிக்கூடம் நிக்கும். உன்னைக் கொண்டுபோனா என்ன நிக்கும்? உனக்குத் தெரியும்னு இந்தச் சுவத்துக்கும் தெரியக்கூடாது” என்றேன்.

சீலன் கெட்டிக்காரன். புதுத் துரை புல் வெட்டுகிறவர்களைப் பார்த்துக் கத்தும்போது, மற்றவர்கள் மாதிரியே வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். கத்தியது என்னவென்று மத்தியானம் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லுவான்.

5

ஆட்கள் கூடுவதானால் அனுமதி வேண்டும். போன வருஷ ஆராதனைக்காக உபதேசியார் ரெம்பாவுக்கும் பங்களாவுக்கும் அலைந்தார். என்ன பாட்டு பாடுவீர்கள் என்று எழுதிக்கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தார். பாட்டுகளில் ராஜா ராஜா என்று வருகிறதே, எந்த ராஜா என்று கேட்டார்கள். இங்கிலீஷ் ராஜா இல்லை என்று அரை நாள் நின்று அரைகுறை மலாயில் விளக்கினாராம். “பரலோகத்து ராஜான்னு சொன்னேன்மா, அவன் எந்த ஜில்லான்னு கேக்குறான்லா” என்றார். நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

முடிவில் புதுத் துரைக்கு யோசனை பிடித்துப்போயிற்று. படிப்புக்கு மரியாதை செய்கிற விழாவா, நல்லது, நானே வருகிறேன் என்றான். இந்த வயதில் நிப்பொங்கோ கற்றுத் தேறிய வாத்தியார் அந்த பாஷையிலேயே பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டான்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் திட்டம் போட்டோம். உபதேசியார், நான், என் வீட்டுக்காரர், சீலன். சீலன் அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்காகவும் முன்னால் வரக்கூடாது. கடைசி வரிசையில், புல் வெட்டுகிறவர்களோடு உட்கார வேண்டும். அதெல்லாம் எளிதாகத் தீர்ந்தது. பிறகு உபதேசியார்தான் மெதுவாகக் கேட்டார்.

“வாத்தியாரையா, வழக்கப்படி நீங்களும் சொல்லிக்கொடுத்தவர் பேரைச் சொல்லணுமே?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். “செரம்பான்ல பாடம் எடுத்த அந்த ஜப்பான் வாத்தியார் பேரைச் சொல்லட்டும். அறைஞ்சவன்னாலும் அவன்தானே வாத்தியார்?”

“அவரு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை, கிருபை” என்றார் அவர்.

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கர்த்தருக்கும் தெரியும். புதுத் துரைக்குத் தெரிய வேண்டாம்.”

“சொல்லிருங்கப்பா” என்றான் சீலன். “நானே எழுதித் தாரேன்.”

அவர் சரி என்றார். என் காதால் கேட்டேன், சரி என்றார். சீலன் அந்தப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து நாள்தோறும் சொல்லச்சொல்லிக் கேட்டான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அர்த்தம் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும், கடைசி வரியில் சென்செய் என்ற சொல்லை ஒட்டி அந்தச் செரம்பான் வாத்தியாரின் பேர் எங்கே விழும் என்பதெல்லாம் தெரியும்.

6

கோயில் நிறைந்திருந்தது. பசித்த சனம், என்றாலும் துவைத்த துணி. கிழக்கே திரும்பி எல்லோரும் குனிந்தோம், பிறகு நம் கர்த்தருக்கு முழங்கால் போட்டோம். புதுத் துரை முன்வரிசையில் கத்தியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல சிரித்த முகம், பார்த்தால் யாருக்கும் பிடிக்கும்.

ஒரு பால்வெட்டுக்காரி பலகையில் தன் பேரை எழுதிக் காட்டி என் பேரைச் சொன்னாள். எழுந்து நின்றேன். ஸ்தோத்திரம் என்றார்கள். அது மட்டுமே அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

பிறகு என் வீட்டுக்காரர் முன்னால் போனார். வில்லையைக் குத்தியிருந்தார். குரல் முதலில் நடுங்கினாலும் பிறகு நிமிர்ந்துவிட்டது. ஒரு பிசகு இல்லை. புதுத் துரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். நான் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு போனேன். கடைசி வரி வந்தது. சென்செய் என்றார். நின்றார். அந்த இடத்தில் நிற்கக் கூடாது. நிமிர்ந்து பார்த்தேன். கிராணி மகன் கறுப்பு அங்கியோடு நின்று இவர் பேரைச் சொன்ன அன்றைக்கு இருந்த அதே முகம்.

“ஜெயசீலன்” என்றார்.

சனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கணம்தான், அவன் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் துரைக்கு அது யார் பேர் என்று தெரிந்திருக்காது. ஏதோ ஒரு பேர் என்று போயிருக்கும். ஆனால் கடைசி வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. என் பிள்ளை எழுந்து நின்றான். புல்வெட்டுகிறவனின் கிழிந்த சட்டையோடு நேராக நின்றான்.

சபை பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்று ஒரே குரலில் சொன்னது.

புதுத் துரை எழுந்து கைதட்டினான். கடைசி வரிசைக்கே நடந்துபோய் அவனிடம் ஏதோ கேட்டான். சீலன் பதில் சொன்னான். இன்னொன்று கேட்டான், அதற்கும் சொன்னான். துரையின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அவன் தோளைத் தட்டினான். மாலையில் பங்களாவிலிருந்து எங்களுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் லாரியும் வந்தது.

“நீ எதுக்குடே எந்திச்சே?” என்று அவன் துணியை மடித்துக்கொண்டே கேட்டேன்.

“அப்பா பேரைச் சொல்லிட்டாங்களேம்மா. பொறகு எப்படி உக்காந்திருப்பேன்?”

அப்பாவிடமும் கேட்டேன். இந்த ஒரு வருஷத்தில் அவரிடம் நான் கேட்டது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

“பலிபீடத்துக்கு முன்னால நின்னு பொய் சொல்ல வாய் வரலை, கிருபை.”

“வாய் வரலையா? அந்த வாய்க்குத்தானே அவன் வார்த்தை வார்த்தையா ஊட்டிவிட்டான்?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெட்டது. இவர் நல்லவர், உண்மையானவர், ஊரே சொல்கிறது. உண்மைக்காகவா சொன்னார், மகனை ஒருமுறையாவது எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்கவைத்துப் பார்க்க ஆசைப்பட்டுச் சொன்னாரா? இரண்டும் இருக்கும். எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். நல்லவரை மன்னிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு முன்பு தெரியாது. கெட்டவன் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம்.

அந்தச் சர்க்கரையை லில்லி விரலால் தொட்டு நக்கித் தின்றாள். அடிக்க மனம் வரவில்லை. அவள் சர்க்கரை பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

7

சயாமிலிருந்து கடிதம் வராது. முதலில் வரும் என்றார்கள், பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். பங்களாவில் போய்க் கேட்டேன். புதுத் துரை மாறிப் போய்விட்டான், வந்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது. செரம்பானில் கேள் என்றார்கள். செரம்பானில், உன் மகன் எந்தத் தோட்டத்துக் கூலி என்றார்கள். கூலி இல்லை, மொழி சொல்லப் போனவன் என்றேன். அப்படி ஒரு வகையே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் மாரிமுத்து வந்து சேர்ந்தான். சீலன் போன அதே லாரியில் போன பால்வெட்டுக்காரன். நோயாளிகளைக் கழித்துத் திருப்பி அனுப்பிய வண்டியில் வந்து, செரம்பானிலிருந்து நடந்தே தோட்டத்துக்கு வந்தான். அவன் பெண்டாட்டிக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. இரண்டு காலிலும் எலும்பு தெரியப் புண். செய்தி கேட்டு ஓடினேன். கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் பாயில் கிடந்தான்.

“மாரிமுத்து, தம்பி எங்கேப்பா?”

“நல்லாத்தான் இருந்துச்சும்மா. எங்களுக்கெல்லாம் தம்பிதான் வாய்.” மூச்சு வாங்கினான். “அப்புறம் காலரா வந்துடுச்சு. நடக்க முடிஞ்சவனையெல்லாம் ஆத்துக்குக் கீழ இன்னொரு கேம்புக்குத் தள்ளிட்டானுங்க. சீக்காளிங்ககிட்ட பேச ஆள் வேணும்னு தம்பிய அங்கயே வச்சுக்கிட்டானுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் பாக்கலம்மா.”

“அங்கேயிருந்து யாராவது வந்தாங்களா?”

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இதை அப்படியே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தார். மறுநாள் காலையில் அதையே எடுத்துக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். குத்தாமல் போக முடியாது.

8

இவ்வளவுக்குப் பிறகும் உபதேசியாரிடம் நடத்துவோம் என்றுதான் சொன்னேன். ஏன் என்கிறீர்களா? நடத்தாமல் விட்டால், என் மகன் இனி வர மாட்டான் என்று நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகும். அந்த வார்த்தையை என் வீட்டிலிருந்து யாரும் வாங்க முடியாது.

“ஆனா ஒண்ணு. இந்த வருஷம் யாரும் சொல்லிக்கொடுத்தவர் பேரைச் சொல்லக்கூடாது. கத்ததைக் காட்டட்டும், போய் உக்காரட்டும்” என்றேன்.

கிணற்றடியிலிருந்து திரும்பி வந்து வாசல் நிலையில் நின்றிருந்தார் என் வீட்டுக்காரர். “பேர் சொல்லாம எதுக்கு அந்த ஆராதனை?” என்றார்.

“நீங்க சொன்னது போதும்” என்றேன்.

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டார். அப்படியே முடிவானது.

இன்று காலை நடந்தது அந்த ஆராதனை. கூட்டம் பாதிகூட இல்லை. சோப்பு செய்தவள் சோப்பைக் காட்டினாள். உப்புக் காய்ச்சக் கற்றவர் ஒரு சிரட்டையில் உப்பை வைத்தார். பேர் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தெரிந்தும் ஒவ்வொருவரும் முடித்த பிறகு ஒரு நொடி நின்று, விழித்து, பிறகு போய் உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் லில்லி.

ஜெபத்துக்கு உபதேசியார் எழுந்தபோது வாசலில் மாரிமுத்து நின்றான். பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏற்பாடு எதுவும் அவனுக்குத் தெரியாது. முந்தைய வருஷங்களில் வாசலில் நின்று பார்த்த வழக்கம்தான் அவனுக்குத் தெரியும்.

“நானும் ஒண்ணு கத்துக்கிட்டேன், ஐயா” என்றான். யாரும் தடுப்பதற்கு முன்னால் ஆரம்பித்துவிட்டான். “இச்சி, நி, சான், சி, கோ…”

லில்லிக்கு அது பள்ளிக்கூடத்து எண். அவள் சந்தோஷமாக எழுந்து அவனோடு சேர்ந்து எண்ணினாள். “ரோக்கு, சிச்சி, ஹாச்சி…” பத்துவரை இரண்டு பேரும் எண்ணினார்கள்.

“பெரட்டுல, ஆள் எண்ணிக்கைக்கு நிக்கையில அவனவன் எண்ணை அவனவன் சொல்லணும். சொல்லத் தெரியாதவனுக்கு அடி. செத்தவனும் உண்டு” என்றான் மாரிமுத்து. “ரயில் பொட்டியில போகையிலயே எங்க எல்லாருக்கும் உக்காத்தி வச்சுச் சொல்லிக்குடுத்தாங்க. அதனாலதான் இன்னிக்கி இங்க நிக்கிறேன்.”

உபதேசியார் கையை உயர்த்தினார். அதற்குள் மாரிமுத்து சொல்லிவிட்டான்.

“எனக்குச் சொல்லிக்குடுத்தவரு ஜெயசீலன்.”

சபை ஸ்தோத்திரம் சொல்ல மூச்சை இழுத்தது. யார் எழுந்திருப்பார்கள் என்று பார்த்தது. யாரை எதிர்பார்த்தது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் எங்கள் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். டிரெசரின் மனைவியும் பார்த்தாள்.

என் வீட்டுக்காரரின் முழங்கால் அசைந்தது. முன் பெஞ்சில் கை வைத்தார். மகனுக்குச் செய்ய வேண்டிய கடைசி மரியாதை என்று நினைத்துவிட்டார் பாவி மனிதர். அவர் பாதி எழுந்திருக்கும்போதே வேட்டியைப் பிடித்து இழுத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரைத் தொட்டேன்.

“உக்காருங்க” என்றேன். “பேருக்கு உரியவன் வந்து எந்திப்பான்.”

அவர் உட்கார்ந்தார். அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவரும் பிடித்துக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தான் சொன்னது எங்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மாரிமுத்து இன்னும் சத்தமாக அந்தப் பேரை மறுபடி சொன்னான்.